கறுப்புத் திரையில் ஒரு ஏரி



ஐப்பசி பிறந்து நாலு நாள் மழை பிடித்துவிட்டால் போதும், நம் ராஜா அண்ணாமலைபுரத்தில் டீக்கடை பெஞ்ச் முதல் கோயில் வாசல் வரை ஒரே கேள்விதான்: "செம்பரம்பாக்கத்துல எவ்வளவு இருக்காம்?"

ஏரி இருப்பதோ நமக்கு மேற்கே சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. ஆனால் அதன் உபரி நீர் திருநீர்மலைப் பக்கம் அடையாற்றில் சேர்ந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் கடந்து, நம் திரு.வி.க. பாலத்தின் அடியில் நுழைந்துதான் கடலைப் பார்க்கிறது. ஆகவே அந்தக் கேள்வி வெறும் ஊர்வம்பு அல்ல. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அன்றிரவு ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. ஆற்றங்கரையில் குடியிருந்தவர்களுக்கு அந்த இரவு இன்னும் மறக்கவில்லை.

நாலே வருடத்தில் கதை தலைகீழானது. 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் சேர்த்து, மொத்தக் கொள்ளளவில் ஒரு சதவீதம்கூட தண்ணீர் இல்லை. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டரை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது.

ஒரே ஏரி, நிறைந்தாலும் பயம், வற்றினாலும் பயம். அந்த ஏரியின் மட்டத்தை நம் லேப் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் ஒரு பட்டையாக வரைவது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. இதற்கு 'சி' மொழி தெரிய வேண்டாம், எந்த சாஃப்ட்வேரும் ஏற்ற வேண்டாம். விண்டோஸ் உள்ள எந்தக் கம்ப்யூட்டரிலும் கமாண்ட் பிராம்ட் உண்டு, நோட்பேட் உண்டு. இந்த இரண்டும் போதும்.

ஒரு சின்ன வேண்டுகோள். கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். 'அடி', 'பட்டை' போன்ற பெயர்களுக்கும் உங்களுக்குப் பிடித்த ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ளலாம்.

எல்.இ.டி. பட்டையிலிருந்து தொடங்குவோம்

பழைய டேப்ரெக்கார்டரில் பாட்டுக்கு ஏற்ப ஏறி இறங்கும் விளக்கு வரிசையைப் பார்த்திருப்பீர்கள். நம் எலக்ட்ரானிக்ஸ் பிரிவு நண்பர்களுக்கு எல்.எம். 3914 என்ற ஐ.சி.யும் தெரிந்திருக்கும். அதற்குள்ளே பத்து கம்பாரேட்டர்கள் இருக்கின்றன. வருகிற வோல்டேஜ் தனக்கென்று குறித்த அளவைத் தாண்டிவிட்டதா என்று ஒவ்வொன்றும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. தாண்டியிருந்தால் அதன் எல்.இ.டி. எரியும், இல்லாவிட்டால் எரியாது. பத்துப் பேரும் தனித்தனியே பதில் சொல்ல, பார்க்கிற நம் கண்ணுக்கு அது ஒரு பட்டை.

நாமும் இதையேதான் செய்யப்போகிறோம். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி. அதனால் பத்து விளக்குக்குப் பதில் இருபத்துநாலு கட்டம். ஒரு கட்டத்துக்கு ஓர் அடி. தண்ணீர் எட்டிய கட்டத்துக்கு '#', எட்டாத கட்டத்துக்கு ஒரு புள்ளி.

ஏன் 24 கட்டம், ரவுண்டாக 20 அல்லது 50 வைக்கக் கூடாதா என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் அப்போது வகுத்தல் வரும், வகுத்தல் வந்தால் மீதி வரும், மீதி வந்தால் தலைவலி வரும். அளக்கிற பொருளுக்கு ஏற்றபடி கட்டத்தின் எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பாதி கணக்கு மிச்சம்.

முதல் புரோகிராம்

நோட்பேடில் இதைத் தட்டி, பெயரின் கடைசியில் '.பேட்' என்று கொடுத்து சேமியுங்கள்.

@எக்கோ ஆஃப்
செட்லோக்கல் எனேபிள்டிலேய்ட்எக்ஸ்பான்ஷன்
செட் /பி அடி=இன்றைய மட்டம் எத்தனை அடி:
செட் பட்டை=
ஃபார் /எல் %%ஐ இன் (1,1,24) டூ (
இஃப் %%ஐ எல்.இ.க்யூ !அடி! (செட் பட்டை=!பட்டை!#) எல்ஸ் (செட் பட்டை=!பட்டை!.)
)
எக்கோ [!பட்டை!] !அடி! அடி

(எல்.இ.க்யூ. என்பது இடையில் புள்ளி இல்லாத மூன்று எழுத்து.)

ஓடவிட்டு 15 என்று கொடுத்தால் திரையில் இப்படி வரும்:

[###############.........] 15 அடி

அவ்வளவுதான்! எட்டே வரி. இனி ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

முதல் வரி, கட்டளைகளையே திரையில் திருப்பிக் காட்டாதே என்று சொல்கிறது. மூன்றாவது வரி நம்மிடம் அளவைக் கேட்டு வாங்குகிறது. நான்காவது, காலிப் பட்டையோடு தொடங்குகிறது. ஐந்தாவது வரியில் உள்ள அடைப்புக்குறிக்கு அர்த்தம்: ஒன்றில் தொடங்கு, ஒவ்வொன்றாகக் கூட்டு, இருபத்துநாலில் நிறுத்து. நம் இருபத்துநாலு கம்பாரேட்டர்களும் இங்கேதான் இருக்கின்றன. எல்.இ.க்யூ. என்றால் 'குறைவு அல்லது சமம்'.

இரண்டாவது வரிதான் பலரை அழவைத்த இடம். சாதாரணமாக ஒரு பெயருக்குள் இருக்கும் மதிப்பை எடுக்க அதன் இருபுறமும் % போடுவோம். ஆனால் கமாண்ட் பிராம்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. அடைப்புக்குறிக்குள் எத்தனை வரி இருந்தாலும் அத்தனையையும் ஒரே மூச்சில் படித்து, % போட்ட இடத்திலெல்லாம் அந்த நிமிடத்து மதிப்பை ஒட்டிவிட்டு, அதன் பிறகுதான் வேலையைத் தொடங்கும். படிக்கும் நேரத்தில் பட்டை காலி. ஆகவே இருபத்துநாலு சுற்றிலும் அதே காலிப் பட்டையோடு ஒரே ஒரு குறியைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் ஒரே ஒரு குறியைத்தான் காட்டும். நாமும் "லூப் ஓடவே இல்லையே!" என்று தலையைச் சொறிவோம். % இருந்த இடத்தில் ! போட்டால், படிக்கும்போது ஒட்டாமல் அந்தந்தச் சுற்று நடக்கும் நேரத்தில் மதிப்பைப் பார்க்கும். அந்த வசதிக்கு அனுமதி வாங்குவதே இரண்டாவது வரி.

பழைய எம்.எஸ்.-டாஸில் இந்த எண் லூப்பும் கிடையாது, ! வசதியும் கிடையாது. லூப் விண்டோஸ் என்.டி.யோடு வந்தது, ! விண்டோஸ் 2000-த்தோடு வந்தது. ஆகவே வீட்டு மூலையில் ஒரு பழைய டாஸ் மெஷின் கிடந்தால் அதில் முயன்றுவிட்டு என்னைத் திட்ட வேண்டாம்.

நான்கு பொய்

எட்டு வரியில் ஒரு மீட்டர் போட்டாயிற்று. ரெக்கார்டு நோட்டில் எழுதி கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் அதற்கு முன் இந்த நாலு அளவுகளையும் கொடுத்துப் பாருங்கள்.

முதலில் 9.5. ஒன்பதரை அடி என்றால் ஏரி பாதிக்கும் கீழே. ஆனால் திரையில்:

[########################] 9.5 அடி

ஏரி தளும்புகிறது!

அடுத்து 21.5 கொடுங்கள்.

[##.......############...] 21.5 அடி

அடியில் இரண்டடி தண்ணீர், அதன் மேல் ஏழடி காற்று, அதற்கும் மேலே பன்னிரண்டடி தண்ணீர்! இப்படி ஒரு ஏரியை மாயா பஜாரில்தான் பார்க்கலாம்.

மூன்றாவது 08. சில பதிவேடுகளில் ஒற்றை எண்ணுக்கு முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுவார்கள், அல்லவா? அப்படிக் கொடுத்தால் இருபத்துநாலும் புள்ளி. ஏரி சுத்தமாக வறண்டுவிட்டது. நாலாவது 010. பத்தடிக்குப் பதில் எட்டே '#' வரும்.

ஐந்தாவதாக, எதுவுமே தட்டாமல் என்டரை மட்டும் அழுத்திப் பாருங்கள். அதுவும் வறண்ட ஏரிதான். 'தண்ணீர் இல்லை' என்பதும் 'தகவல் இல்லை' என்பதும் நம் மீட்டருக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஆக, நாலு பொய்யோடு ஒரு மௌனப் பொய்யும் இலவசம்.

இவற்றில் 21.5 மட்டும் பரவாயில்லை. பார்த்தவுடனே ஏதோ கோளாறு என்று தெரிந்துவிடும். மற்றவை அப்படி இல்லை. பட்டை ஒழுங்காக, அழகாக, நம்பும்படி இருக்கிறது. அழகான பட்டையை யாரும் சந்தேகிப்பதில்லை. அதுதான் ஆபத்து.

காரணம் என்ன?

இஃப் கட்டளை ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் முழு எண்ணாக இருந்தால் மட்டுமே எண்ணாகப் பார்க்கும். ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி நுழைந்தாலும் போதும், இரண்டையும் வெறும் எழுத்தாக எடுத்துக்கொண்டு அகராதியில் வார்த்தை தேடுவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடும். அகராதி முறைப்படி '24' என்பது '9.5'-க்கு முன்னால் வரும், ஏனென்றால் 2 என்பது 9-க்கு முன்னால். அதனால் இருபத்துநாலு கட்டமும் ஒன்பதரைக்குக் கீழே என்று முடிவு கட்டிவிட்டது. 21.5-இல் நடுவே ஏழு கட்டம் காணாமல் போனதும் இதனால்தான். 3 முதல் 9 வரை அகராதியில் '21.5'-க்குப் பின்னால் வருபவை.

பூஜ்யத்தின் கதை வேறு. முன்னால் பூஜ்யம் இருந்தால் கமாண்ட் பிராம்ட் அதை எட்டின் அடிமான எண்ணாக, அதாவது ஆக்டலாக, படிக்கும். ஆக்டலில் 010 என்றால் நம் எட்டு. சரி, 08? ஆக்டலில் 8 என்ற இலக்கமே கிடையாது. அது எண்ணே இல்லை என்று தள்ளிவிட்டு மறுபடி அகராதி முறைக்குப் போய்விடும். '0' எல்லா இலக்கத்துக்கும் முன்னால் வருவதால் எந்தக் கட்டமும் நிரம்பவில்லை. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பாடத்தில் ஆக்டல் எதற்கு என்று கேட்ட நண்பர்களே, இதோ வந்துவிட்டது பாருங்கள்!

மருந்து

கமாண்ட் பிராம்டுக்கு தசமம் தெரியாது. அதைக் குறை சொல்லிப் பயனில்லை. அதற்குத் தெரிந்த பாஷையில் நாம் பேச வேண்டும். நம் பாட்டிகள் பன்னிரண்டரை ரூபாயை ஆயிரத்து இருநூற்று ஐம்பது காசு என்று கணக்குப் போட்டதுபோல, அடியை நூறாகப் பிரித்துவிடுவோம். 21.20 அடி என்பது 2120. தசமம் போயே போச்சு.

மூன்றாவது, நான்காவது வரிகளுக்குப் பதிலாக இவற்றைப் போடுங்கள்.

:கேள்
செட் அடி=
செட் /பி அடி=மட்டம், 09.50 என்ற வடிவில்:
இஃப் நாட் "%அடி:~2,1%"=="." கோட்டூ கேள்
இஃப் "%அடி:~4,1%"=="" கோட்டூ கேள்
இஃப் நாட் "%அடி:~5,1%"=="" கோட்டூ கேள்
செட் எண்=%அடி:.=%
செட் /ஏ எண்=1%எண்%-10000
இஃப் %எண்% ஜி.டி.ஆர் 2400 கோட்டூ கேள்
செட் பட்டை=

மூன்று இஃப் வரிகள் வாசல் காவலர்கள். ~2,1 என்றால் இரண்டு எழுத்தைத் தாண்டி அடுத்த ஓர் எழுத்தை மட்டும் காட்டு என்று அர்த்தம். மூன்றாவது எழுத்து புள்ளியாக இருக்க வேண்டும், ஐந்தாவது எழுத்து இருக்க வேண்டும், ஆறாவது இருக்கக் கூடாது. 9.5, 08, 010, 21.5, வெறும் என்டர் ஆகிய ஐந்தும் இங்கேயே திரும்பிப் போய்விடும். "சரியாகத் தெரியாவிட்டால் வரையாதே, திரும்பக் கேள்" என்பதே காவலர்களுக்கு நாம் கொடுத்த உத்தரவு.

அடுத்த வரி, புள்ளியை எடுத்துவிட்டு 09.50-ஐ 0950 ஆக்குகிறது. ஆனால் முன்னால் பூஜ்யம் நிற்கிறதே? அதற்குத்தான் அடுத்த தந்திரம். முன்னால் ஒரு 1 சேர்த்தால் 10950. அதிலிருந்து 10000-ஐக் கழித்தால் 950. பூஜ்யமும் போயிற்று, மதிப்பும் மாறவில்லை. கடைசிக் காவலர் 24 அடிக்கு மேல் யாராவது தட்டினால் தடுப்பவர். ஜி.டி.ஆர். என்றால் 'அதைவிடப் பெரியது'. (எண்ணுக்குப் பதில் ஏ, பி, சி என்று எழுத்தைத் தட்டினால் என்ன ஆகும்? அதைத் தடுக்கும் காவலரை நியமிப்பது உங்கள் வேலை.)

இப்போது லூப்:

ஃபார் /எல் %%ஐ இன் (100,100,2400) டூ (
இஃப் %%ஐ எல்.இ.க்யூ %எண்% (செட் "பட்டை=!பட்டை!#") எல்ஸ் (செட் "பட்டை=!பட்டை!.")
இஃப் %%ஐ ஈ.க்யூ.யூ 2200 செட் "பட்டை=!பட்டை!|"
)

நூறு நூறாக ஏறுவதால் பெருக்கல் வகுத்தல் எதுவும் இல்லை. ஈ.க்யூ.யூ. என்றால் 'சமம்'. 22-ஆவது கட்டத்துக்குப் பிறகு ஒரு நெட்டைக் கோடு போடுகிறோம். 2020 நவம்பர் 25-ஆம் தேதி நிவர் புயலின்போது இந்த ஏரியின் மட்டம் 22 அடியைத் தொட்டதும்தான் ஷட்டர் திறந்தார்கள். அந்தக் கோடு இல்லாத பட்டையில் 21-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு '#' மட்டும்தான். கோடு இருந்தால் அது ஒரு செய்தி. மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். நெட்டைக் கோட்டுக்கு கமாண்ட் பிராம்டில் வேறு வேலை உண்டு, வெளியே விட்டால் ரகளை செய்யும்.

எந்தப் பக்கம் தவறுவது?

புது மீட்டரில் 21.95 கொடுங்கள்.

[#####################.|..] 21.95 அடி

22 அடிக்கு முக்கால் அங்குலம்கூட பாக்கி இல்லை. ஆனால் பட்டை "இன்னும் ஒரு கட்டம் இருக்கு" என்கிறது. முழு அடியை எட்டினால்தான் கட்டம் நிரம்பும் என்று எழுதிவிட்டோம் அல்லவா? சரி, லூப்புக்கு முன்னால் இந்த ஒரு வரியைச் சேர்த்து, லூப்பில் எண் என்ற இடத்தில் மேல் என்று மாற்றுங்கள்:

செட் /ஏ மேல்=எண்+99

இப்போது ஓர் அடியில் நூறில் ஒரு பங்கு நுழைந்தாலும் அந்தக் கட்டம் நிரம்பிவிடும். 21.95-க்கு 22 '#', கோட்டை ஒட்டி. 99-க்குப் பதில் 50 போட்டால் பாதிக்கு மேல் இருந்தால் ஏறும், இல்லாவிட்டால் இறங்கும், பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி.

இந்த மூன்றில் எது சரி?

கணக்கு வாத்தியாரைக் கேட்டால் 50 என்பார். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கணக்கில் இல்லை. இருபத்துநாலு கட்டத்தில் வரைகிற எந்த மீட்டரும் கொஞ்சம் தவறித்தான் ஆக வேண்டும். எந்தப் பக்கம் தவறலாம் என்பதை, பட்டையைப் பார்க்கப்போகிறவர் யார் என்று நினைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெள்ளத்துக்காகப் பார்க்கிறவர் ஆற்றங்கரைக்காரர். அவருக்கு மீட்டர் கூடுதலாகக் காட்டினால் என்ன நஷ்டம்? ஒருமுறை வீணாக அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றுவார், பாட்டியை மாடி வீட்டில் கொண்டுபோய் விடுவார். குறைவாகக் காட்டினால்? அந்த நஷ்டத்தை எழுத வேண்டியதில்லை. ஆகவே அவருக்கு 99.

கோடையில் பார்க்கிறவர் வேறு ஆள். எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுகிறவர். அவருக்குக் கூடுதலாகக் காட்டினால் குழாயைத் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார். அவருக்குக் கூட்டவே வேண்டாம், இருப்பதற்குக் குறைவாகவே காட்டலாம்.

ஒரே ஏரி, ஒரே அளவு, இரண்டு மீட்டர். இது முரண்பாடு அல்ல.

அடி வேறு, கொள்ளளவு வேறு

"அடியை வைத்தே தண்ணீர் எவ்வளவு என்று சொல்லிவிடலாமே, 12 அடி என்றால் பாதி ஏரிதானே?" என்று கேட்டுவிடாதீர்கள். ஏரி தகர டப்பா அல்ல, தாம்பாளம். அடியில் குறுகி மேலே விரிந்திருக்கும். கீழே உள்ள ஓர் அடியில் இருப்பதைவிட மேலே உள்ள ஓர் அடியில் எத்தனையோ மடங்கு தண்ணீர் நிற்கும். அதனால்தான் தினசரி வெளியாகும் ஏரிக் கணக்கில் அடியையும், மில்லியன் கன அடியையும் தனித்தனியே தருகிறார்கள். ஒன்றிலிருந்து மற்றதை நாமாக விகிதம் போட்டு எடுக்கக் கூடாது. கொள்ளளவுக்குத் தனிப் பட்டை போட வேண்டும்.

முழுக் கொள்ளளவு மில்லியன் கன அடியில் இதோ: பூண்டி 3,231, சோழவரம் 1,081, புழல் 3,300, செம்பரம்பாக்கம் 3,645. நான்கும் சேர்ந்து 11,257.

இங்கே வகுத்தலைத் தவிர்க்க முடியாது. செம்பரம்பாக்கத்தில் 1,200 இருப்பதாக வைத்துக்கொள்வோம். எத்தனை கட்டம்? '1200-ஐ 3645-ஆல் வகுத்து, 24-ஆல் பெருக்கு' என்று எழுதினால் விடை பூஜ்யம்! தசமம் தெரியாதவருக்கு 1200-இல் 3645 பூஜ்யம் தடவைதான் போகும். பூஜ்யத்தை எதனால் பெருக்கினால் என்ன? எனவே முதலில் பெருக்கு, பிறகு வகு:

செட் /ஏ கட்டம்=1200*24/3645

28,800-ஐ 3,645-ஆல் வகுத்தால் ஏழே முக்காலுக்கும் மேலே. கம்ப்யூட்டர் 7 என்று சொல்லும்.

இனி 2019 ஜூனுக்கு வருவோம். நான்கு ஏரிக்கும் சேர்த்து 24 கட்டம் போட்டால் ஒரு கட்டத்துக்கு 469 மில்லியன் கன அடி. அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பட்டையில் ஒரு '#'கூட வராது. ஒரு மில்லியன் கன அடி என்பது சுமார் 2 கோடியே 83 லட்சம் லிட்டர், அதாவது பதினோரு ஜோலார்பேட்டை ரயிலுக்கும் மேல். அப்படியானால் நம் மீட்டர் "ஒன்றுமில்லை" என்று தள்ளிவிடுகிற ஒரு கட்டத்துக்குள் சுமார் 5,300 ரயில் தண்ணீர் ஒளிந்திருக்கலாம்! கோடைக்காரருக்குக் குறைத்துக் காட்டலாம் என்றேன். ஆனால் இருப்பதை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஆகவே தண்ணீர் பூஜ்யத்துக்கு மேலே இருந்து கட்டம் மட்டும் பூஜ்யமாக வந்தால், முதல் கட்டத்தில் புள்ளிக்குப் பதில் ':' போட்டுவிடுங்கள். "கட்டம் நிரம்பவில்லை, ஆனால் அடியில் கொஞ்சம் இருக்கிறது" என்று அதற்கு அர்த்தம்.

மட்டம் மட்டும் போதாது

மீட்டர் காட்டுவது ஒரு போட்டோ. ஏறுகிறதா இறங்குகிறதா என்று போட்டோவில் தெரியாது. ஆகவே போன தடவை கொடுத்த அளவை ஒரு ஃபைலில் எழுதிவைத்து, இந்த அளவிலிருந்து கழித்து, பட்டைக்குக் கீழே ஒரு வரியில் காட்டுங்கள். நம் பேட்டைக்காரர்களுக்கு அதைவிட முக்கியமானது, வெளியே விடுகிற தண்ணீர். ஏரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது ஏரிக்கரைக்காரரின் கவலை. எவ்வளவு வருகிறது என்பது அடையாற்றங்கரைக்காரரின் கவலை.

2015-இன் 29,000 கன அடியையே எடுத்துக்கொள்வோம். லிட்டரில் சொன்னால் வினாடிக்கு எட்டு லட்சத்துக்கும் மேல். ஒரு ஜோலார்பேட்டை ரயில் தண்ணீர், மூன்றே வினாடியில்! அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் எவ்வளவு ஆகும் என்று நம் புரோகிராமையே கேட்போம். ஒரு நாளைக்கு 86,400 வினாடி.

செட் /ஏ நாள்=29000*86400

வரும் விடை: -1789367296. கழித்தல் குறியைக் கவனியுங்கள். ஏரியிலிருந்து போக வேண்டிய தண்ணீர் ஏரிக்குள் திரும்பி வருகிறதாம்! உண்மையான விடை 250 கோடியே 56 லட்சம் கன அடி. ஆனால் இந்தக் கட்டளையின் கைக்கு அடங்கும் மிகப் பெரிய எண் 214,74,83,647 மட்டுமே. 32 பிட்டில் அதற்கு மேல் இடமில்லை. தாண்டினால் "தாண்டிவிட்டது" என்று சொல்லாது, வண்டி ஓட்டக் கணக்கு மீட்டர் ஒரு சுற்று சுற்றி வருவதுபோல மறுபக்கத்துக்குப் போய்விடும். சாதாரண நாளில் ஆயிரம், இரண்டாயிரம் கன அடிக்கெல்லாம் ஒழுங்காக வேலை செய்த புரோகிராம், மிக மோசமான அந்த ஒரு ராத்திரியில் மட்டும் உளறியிருக்கும்.

மருந்து சுலபம். மில்லியன் கன அடியில் விடை வேண்டுமானால் பூஜ்யங்களை முதலிலேயே அடித்துவிடலாம்:

செட் /ஏ நாள்=29000*864/10000

விடை 2505. முழு ஏரியே 3,645தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் பாருங்கள். எந்த மீட்டர் செய்தாலும், இதுவரை நடந்ததிலேயே மோசமான நாளின் அளவைக் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர் கையில் கொடுக்க வேண்டும்.

சில்லறை விஷயங்கள்

'செட் அடி = 5' என்று சமக்குறியின் இருபுறமும் இடம் விடாதீர்கள். பெயரோடு அந்த இடைவெளியும் சேர்ந்து வேறு பெயராகிவிடும்.

சதவீதக் குறியைத் திரையில் காட்ட, பேட்ச் ஃபைலில் %% என்று இரண்டு போட வேண்டும்.

'#' அழகாக இல்லை, முழுக் கட்டையாக வேண்டும் என்பவர்களுக்கு, பழைய டாஸ் எழுத்து வரிசையான 437-இல் 219-ஆம் எண் முழுக் கட்டை, 176-ஆம் எண் புள்ளி போட்ட மங்கல் கட்டை. ஆனால் நோட்பேட் வேறு வரிசையில் சேமித்தால் கட்டைக்குப் பதில் ஏதேதோ வெளிநாட்டு எழுத்து வரும். ஆபத்தைச் சொல்லும் மீட்டருக்கு அழகைவிட எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி தெரிவதே முக்கியம். '#' எங்கேயும் மாறாது.

கோட்டைத் தாண்டியதும் திரை சிவப்பாக வேண்டுமானால் 'கலர் 4எஃப்' என்று ஒரு வரி போதும். சிவப்புப் பின்னணி, வெள்ளை எழுத்து. ஆனால் முழுத் திரையும் மாறும், பட்டை மட்டும் மாறாது.

கடைசியாக

இதே எட்டு வரியை வைத்து ஹாஸ்டல் மாடித் தொட்டிக்கு மீட்டர் போடலாம், வொர்க்ஷாப் டீசல் டேங்குக்குப் போடலாம், பரீட்சைக்கு இன்னும் எத்தனை நாள் என்றுகூட ஒரு பட்டை போடலாம். (அதற்கு எந்தப் பக்கம் தவறினாலும் பயன் இல்லை!) எதற்குப் போட்டாலும் மூன்று கேள்வியை மறக்காதீர்கள். தகவல் இல்லாதபோது உங்கள் மீட்டர் என்ன காட்டும்? மிக மோசமான நாளில் என்ன காட்டும்? தவறினால் எந்தப் பக்கம் தவறும்?

நாம் டிப்ளமோ முடித்துப் போகிற இடத்தில் பாய்லர் இருக்கலாம், லிஃப்ட் இருக்கலாம், ஆஸ்பத்திரி ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கலாம். அதன் முன்னால் நிற்கிற ஆள் நம் புரோகிராமைப் படிக்கப்போவதில்லை. பட்டையை மட்டும்தான் பார்ப்பார்.

அடுத்த மழைக்கு முன் முயன்று பாருங்கள். லேபில் சந்திப்போம்!